பழைய டீசல் பிக்கப்: டேங்கிலிருந்து நாசில் வரை

பழைய டீசல் பிக்கப் ஒன்று காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தாலோ, மேடு ஏறும்போது திடீரென்று இழுவை விட்டுப்போனாலோ, பக்கத்தில் நிற்பவர் முதலில் சொல்வது "பம்ப் போயிருக்கும்" என்பதுதான். பெரும்பாலும் பம்ப் போயிருக்காது. ஆனால் இருப்பதிலேயே விலை அதிகமான சாமான் மேல்தான் முதல் சந்தேகம் விழுகிறது. அதைக் கழற்றி கேலிபரேஷனுக்கு (கடையில் சோதித்து அளவு சரிசெய்ய) அனுப்பி, திரும்ப மாட்டி, செல்ப் அடித்துப் பார்த்தால் கோளாறு அப்படியே இருக்கும், ஏனென்றால் உண்மையான குற்றவாளி டேங்க் பக்கத்தில் ஒரு சாண் நீள ரப்பர் ஹோஸில் விழுந்த வெடிப்பு. எங்கே ஆரம்பித்து எங்கே போக வேண்டும் என்ற வரிசை தெரிந்தால் இந்த வீண்செலவு மிச்சம். அந்த வரிசையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலிலேயே ஒன்று. இங்கே பேசுவது கம்ப்யூட்டர் இல்லாத, முழுக்க மெக்கானிக்கல் பம்பில் ஓடும் பழைய வண்டிகளைப் பற்றி. காமன் ரெயில் வண்டி (எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரு குழாயில், அதாவது ரெயிலில், அதிக அழுத்தத்தில் டீசலைத் தேக்கி வைக்கும் வகை) வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுக்க வேண்டாம். 1997-இல் கார்களில் வர ஆரம்பித்த அந்த முறையில் ரெயிலுக்குள் அழுத்தம் 1,000 பாரைச் சுலபமாகத் தாண்டும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), கீழே சொல்லும் சில வேலைகளை அதில் செய்வது ஆபத்து.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, இது தெரிந்ததுதான். காற்றை மட்டும் உள்ளே இழுத்து, அதைச் சுமார் இருபதில் ஒரு பங்காக நசுக்குகிறது. நசுங்கிய காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. சரியாக அந்த நேரத்தில் டீசலைப் பொடிப்பொடியாகத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். ஆக, இன்ஜினுக்கு எரிபொருள் தரப்பில் தேவை மூன்றே: டீசல் வர வேண்டும், சரியான நேரத்தில் வர வேண்டும், தூவலாக வர வேண்டும். நேரத்தைப் பார்த்துக்கொள்வது பம்ப், தூவலைப் பார்த்துக்கொள்வது நாசில். இவை இரண்டும் மெதுவாகத் தேயும் சாமான்கள், வருஷக்கணக்கில் தாங்கும். 'டீசல் வர வேண்டும்' என்பதில்தான் பத்துக்கு எட்டு வண்டிகள் மாட்டிக்கொள்கின்றன என்பது என் கணிப்பு.

டீசல் போகும் பாதை

டேங்குக்குள் அடிவரை ஒரு குழாய் இறங்கியிருக்கும், அதன் நுனியில் பல வண்டிகளில் ஒரு சின்ன வலை இருக்கும். அங்கிருந்து சேஸிஸ் ஓரமாக இரும்புக் குழாய், வளைவுகளிலும் இன்ஜின் பக்கத்திலும் ரப்பர் ஹோஸ். அடுத்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டர், சில வண்டிகளில் அதுவும் ஃபில்டரும் ஒரே டப்பாவாக இருக்கும். பிறகு ஃபீட் பம்ப், ஃபில்டர், அதன்பின் எஃப்.ஐ.பி. என்று சொல்கிற பெரிய டீசல் பம்ப். பம்பிலிருந்து சிலிண்டருக்கு ஒன்றாக கனத்த இரும்புக் குழாய்கள் கிளம்பி நாசில்களுக்குப் போகும். நாசில் தேவைக்கு மேல் கசியவிடும் டீசலும் பம்பில் மிஞ்சும் டீசலும் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பும். அந்த ரிட்டர்னையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், பலபேர் மறந்துவிடுகிற இடம் அது.

ஃபீட் பம்ப் எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி இருக்காது. சிலவற்றில் இன்ஜின் பிளாக்கில் மாட்டிய, ரப்பர் சவ்வு மேலும் கீழும் அசைந்து இழுக்கும் டயஃப்ரம் பம்ப், நீளவாக்கில் வரிசையாக உறுப்புகள் நிற்கும் இன்லைன் பம்பாக இருந்தால் அதன் பக்கவாட்டிலேயே ஒட்டிய பிஸ்டன் வகை. வட்டமான ரோட்டரி பம்ப் உள்ள பல பிக்கப்களில் தனி ஃபீட் பம்பே இருக்காது. பம்புக்கு உள்ளேயே தகடுகள் சுழன்று இழுக்கும் ஒரு சின்ன 'வேன்' பம்ப்தான் டேங்கிலிருந்து அத்தனை தூரமும் டீசலை இழுத்து வரும். ஃபில்டர் தலையில் கையால் அழுத்தும் ஒரு குமிழ் இருக்குமே, அது வண்டி ஓடும்போது வேலை செய்வதில்லை, நாம் ஏர் எடுக்க, அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற மட்டும்தான்.

உங்கள் வண்டியில் எந்த வகை என்று முதலில் கண்டுபிடியுங்கள். டார்ச் எடுத்துக்கொண்டு டேங்கில் ஆரம்பித்து விரலால் தடவியபடியே பம்ப் வரை வாருங்கள். எங்கே ரப்பர், எங்கே இரும்பு, எத்தனை கிளிப், எங்கே ஈரம் என்று ஒரு காகிதத்தில் கிறுக்கி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இழுக்கும் பக்கம், தள்ளும் பக்கம்

இதை மட்டும் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். டீசலை இழுக்கும் பம்ப் எங்கே இருக்கிறதோ, அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் இழுக்கும் பக்கம், பின்னால் இருப்பதெல்லாம் தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் ஒரு வாஷர் சரியாக உட்காரவில்லை என்றால் டீசல் வெளியே கசியும், ஈரம் தெரியும், வாசனை வரும், தரையில் சொட்டும். கண்ணுக்குத் தெரிந்த கோளாறு, கண்டுபிடிப்பதில் கஷ்டமே இல்லை. இழுக்கும் பக்கத்தில் அதே மாதிரி ஒரு இடுக்கு இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவில் நடுவில் ஓட்டை விழுந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதானே வரும், அதே கதைதான். வெளியே ஒரு சொட்டு ஈரம் இருக்காது, ஹோஸ் பார்க்கப் புத்தம் புதுசாக இருக்கும், வண்டி மட்டும் ஓடாது. தனி ஃபீட் பம்ப் இல்லாத ரோட்டரி பம்ப் வண்டிகளில் டேங்க் முதல் எஃப்.ஐ.பி. வரை மொத்தமுமே இழுக்கும் பக்கம், ஃபில்டர் உட்பட. அதனால்தான் அந்த வண்டிகளில் ஃபில்டர் மாற்றியதற்கு மறுநாளே "என்னமோ சரியில்லை" என்று புலம்பல் வருகிறது, பழைய ரப்பர் ரிங் ஃபில்டர் தலையில் ஒட்டிக்கொண்டிருக்க அதன் மேலேயே புது ரிங்கை வைத்து முறுக்கியிருப்பார்கள்.

காற்று ஏன் இவ்வளவு பெரிய எதிரி? எஃப்.ஐ.பி.க்குள் டீசலை நசுக்கித்தான் அழுத்தம் உண்டாகிறது. டீசல் நசுங்காது, அதனால் பிளஞ்சர் (டீசலைத் தள்ளும் சின்னத் தண்டு) கொஞ்சம் நகர்ந்தாலே அழுத்தம் சட்டென்று ஏறும். நாசில் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்கு வந்தால்தான் திறக்கும், பழைய வண்டிகளில் வகையைப் பொறுத்து அது 120 முதல் 250 பார் வரை இருக்கும். நடுவில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் பிளஞ்சர் தள்ளுகிற தள்ளெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும், நாசில் திறக்கவே திறக்காது. கொஞ்சம் காற்று என்றால் மிஸ்ஸிங், இன்ஜின் ஏறி இறங்கும் சத்தம். நிறைய என்றால் வண்டி அப்படியே நின்றுவிடும்.

செல்ப் அடிக்கும்போது புகை வருகிறதா?

ஸ்டார்ட் ஆகாத வண்டியில் நான் முதலில் பார்க்கச் சொல்வது சைலன்சரை. ஒருவர் செல்ப் அடிக்க, இன்னொருவர் பின்னால் நிற்க வேண்டும். வெள்ளைப் புகை குப்பென்று வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் இல்லை. ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்குவது), இன்ஜின் கம்ப்ரஷன், பம்ப் டைமிங் பக்கம் போய்ப் பாருங்கள், டேங்கையும் ஹோஸையும் பிரிக்க வேண்டாம். புகையே இல்லை என்றால் டீசல் நாசிலுக்கு வரவில்லை, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஓடும்போது வரும் கரும்புகை வேறு விஷயம். டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு, ஏர் ஃபில்டரை முதலில் கழற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் நாசிலுக்குப் போகலாம். நீலப் புகை இன்ஜின் ஆயில் எரிவது, எரிபொருள் கதையே இல்லை.

புகை வரவில்லை என்றதும் எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, பம்பின் தலைப்பக்கத்தில் ஒற்றை வயர் போகும் சின்ன உருளையின் மேல் விரல் வைத்துக் கேளுங்கள். அது டீசலை அடைக்கும் சோலினாய்டு. கரண்ட் வந்தால் உள்ளே இருக்கும் ஊசி மேலே ஏறி வழி விடும், வராவிட்டால் ஸ்பிரிங் அழுத்தி அடைத்துவிடும். ஆன், ஆஃப் செய்யும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் டெஸ்ட் லாம்ப் வைத்து வயரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். ஒரு ஃபியூஸுக்காக, அழுக்கேறிய ஒரு டெர்மினலுக்காகப் பம்பைக் கழற்றியவர்கள் உண்டு. (இன்லைன் பம்ப் வண்டிகள் பலவற்றில் இந்த சோலினாய்டு இருக்காது, இழுத்து நிறுத்தும் கேபிள்தான். அந்தக் கேபிள் பாதியில் சிக்கி நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.)

இன்னொரு அறிகுறியும் உண்டு. ராத்திரி நன்றாக ஓடி வந்த வண்டி காலையில் மட்டும் நெடுநேரம் செல்ப் அடித்தால்தான் பிடிக்கிறது, பிடித்தபின் நாள் முழுக்கத் தொல்லை இல்லை, இப்படி இருந்தால் நிற்கும் நேரத்தில் லைனில் இருக்கும் டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்குகிறது என்று பொருள். எங்கோ காற்று புகுந்தால்தான் அது இறங்க முடியும். இதில் முதல் சந்தேகம் நாசில்களுக்கு நடுவே ஓடும் மெல்லிய நூல் சுற்றிய ரிட்டர்ன் ஹோஸ்கள் மேல். இன்ஜின் சூட்டில் வெந்து வெந்து அவை மொறுமொறுவென்று ஆகியிருக்கும், இரண்டு விரலால் மடித்தாலே தூள் கொட்டும். கடைசி நாசிலில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதுவும் வெடித்திருக்கும். மொத்தத்தையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள், அரை மணி நேர வேலை. ஒன்றை மாற்றினால் அடுத்தது அடுத்த மாதம் வெடிக்கும்.

கேன் சோதனை

கோளாறு டேங்க் பக்கமா, பம்ப் பக்கமா என்று பிரிப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு சுத்தமான கேனில் ஐந்து லிட்டர் நல்ல டீசல் எடுத்து, பம்பை விடக் கொஞ்சம் உயரமாக, பானெட் பக்கத்தில் ஆடாமல் நிற்கும்படி வையுங்கள். எஃப்.ஐ.பி.க்கு உள்ளே போகும் ஹோஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் டீசலுக்குத் தாங்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை மாட்டி மறுமுனையைக் கேனுக்குள் விடுங்கள். கேனிலிருந்து குழாயில் டீசல் இறங்கி நிரம்பிய பிறகே பம்போடு இணைக்க வேண்டும். ரிட்டர்னையும் கழற்றி அதே கேனில் விடுவது நல்லது. கேனுக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு சின்ன இன்லைன் ஃபில்டர் இருந்தால் மனசுக்கு நிம்மதி, ஏனென்றால் இந்தச் சோதனையில் வண்டியின் ஃபில்டரைத் தாண்டிவிட்டோம்.

இப்போது வண்டி பிடித்து, முறுக்கினாலும் நிற்காமல் ஓடினால் பம்ப், நாசில் இரண்டும் பெரும்பாலும் நல்லவை. கோளாறு கேனுக்கு முந்திய பகுதியில், அதாவது டேங்க், குழாய், ஹோஸ், செப்பரேட்டர், ஃபில்டர், ஃபீட் பம்ப் இவற்றில் ஒன்றில். கேனில் இருந்தும் ஓடவில்லை என்றால் பம்ப் அல்லது அதற்கு மேலே. கையில் காசு போவதற்கு முன்னால் இவ்வளவு தெளிவு கிடைத்துவிடுகிறது.

டேங்க் பக்கம் என்று தெரிந்ததும், அதே ஒளி ஊடுருவும் குழாயை ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு துண்டாக மாட்டி, வண்டியின் டேங்கிலிருந்தே ஓட விட்டுப் பாருங்கள். குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். ஸ்டார்ட் செய்ததும் ஒன்றிரண்டு குமிழி வந்து நின்றால் விட்டுவிடலாம், விடாமல் வந்துகொண்டே இருந்தால் எங்கோ இடுக்கு இருக்கிறது. அந்தத் துண்டை ஃபில்டருக்கு முன்னால் மாற்றிப் பாருங்கள், அங்கே குமிழி இல்லை, பின்னால் மட்டும் இருக்கிறது என்றால் ஃபில்டர் தலையில்தான் காற்று நுழைகிறது. இப்படி ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கிப் போனால் கடைசியில் ஒரு ஹோஸிலோ வாஷரிலோ போய் நிற்பீர்கள்.

குமிழி இல்லை, ஆனால் இழுவையும் இல்லை என்றால் காற்றை மறந்துவிட்டு அடைப்பைத் தேடுங்கள். ஓடிக்கொண்டே இருந்து, அரைமணி கழித்துச் சோர்ந்து நின்று, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிற வண்டியா? டேங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கிறதா பாருங்கள். கேட்டால் டேங்குக்குள் காற்று போக விடும் வென்ட் துளை அடைத்திருக்கும், டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி பம்போடு மல்லுக்கட்டும். மூடியைத் தளர்த்தி வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டினால் விடை தெரிந்துவிடும். மூடி நல்லது என்றால் டேங்குக்குள் இருக்கும் அந்த வலை. குப்பை அதில் போய் ஒட்டிக்கொள்ளும், இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் விட்டு உதிர்ந்து விழும், அப்புறம் மறுபடி ஒட்டும்.

டேங்குக்குள் என்னதான் இருக்கிறது

பழைய டேங்கைத் திறந்து பார்க்காதவர்கள் அடியில் இருப்பதைப் பார்த்தால் நம்ப மாட்டார்கள். பாதி காலியாக நிற்கும் டேங்கில் ராத்திரிக் குளிரில் காற்றின் ஈரம் தண்ணீராகப் படியும். தண்ணீர் டீசலை விடக் கனம், அடியில் போய்த் தங்கும். அங்கே துரு பிடிக்கும். போதாக்குறைக்கு தண்ணீரும் டீசலும் சந்திக்கிற அந்த எல்லையில் நுண்ணுயிர்கள் வளரும், கறுப்பாகவோ பழுப்பாகவோ வழுவழுவென்று சளி மாதிரி ஒரு கசடு. அதைக் கொல்ல மருந்து ஊற்றலாம்தான், ஆனால் செத்ததும் அத்தனையும் கரைந்து போய்விடாது, கிளம்பி வந்து ஃபில்டரில் உட்காரும். கசடு அதிகம் என்றால் மருந்தை நம்பாமல் டேங்கை இறக்கிக் கழுவுவதுதான் என் யோசனை.

இறக்கும் முன் டீசலை வடித்துவிடுங்கள், நிறைந்த டேங்கைத் தனியாளாகத் தூக்க முடியாது. உள்ளே கொஞ்சம் சுத்தமான டீசல் ஊற்றி நன்றாகக் குலுக்கி, கொட்டி, வருவது தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். உள்சுவரில் துரு செதில் செதிலாக உரிந்து வந்தால் கழுவிப் புண்ணியமில்லை, வேறு டேங்க் பார்ப்பதே மேல். வெல்டிங் வைக்க வேண்டிய டேங்க் என்றால் வீட்டில் வைத்துச் செய்யவே வேண்டாம், காலி டேங்கில் தங்கும் ஆவி வெடிக்கும். மாற்றுக் குழாய் போடும்போது செம்பு, துத்தநாகப் பூச்சு போட்ட குழாய் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள், அந்த உலோகங்கள் டீசலைக் கெடுத்துப் பிசுபிசுப்பை உண்டாக்கும்.

ரப்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வண்டி பிறந்த காலத்து டீசலில் கந்தகம் ஆயிரக்கணக்கான பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருந்தது, இன்று பல நாடுகளில் 10 முதல் 15 பிபிஎம்தான். கந்தகத்தை எடுக்கும் அதே சுத்திகரிப்பில் டீசலின் வழவழப்பும் குறைகிறது, அதை ஈடுகட்ட ஆலையிலேயே சேர்மானம் கலந்துதான் வெளியே அனுப்புகிறார்கள். அது போக, டீசலின் கூறு மாறும்போது பழைய சீல்கள் சுருங்கிக் கசிய ஆரம்பிக்கும். பயோ டீசல் கலப்பு வேறு சில ரப்பர்களை இளக வைக்கும், டேங்கில் பல வருஷமாகப் படிந்த அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும். அதனால் புது ஹோஸ் வாங்கும்போது டீசலுக்கென்றே செய்ததாக, உள்பக்கம் வைட்டான் (எரிபொருளுக்குத் தாங்கும் ஒரு வகை ரப்பர்) பூச்சு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஹோஸ், ஏர் ஹோஸ் எதையும் வெட்டி மாட்டாதீர்கள். கிளிப்பும் அப்படித்தான். ஓட்டை ஓட்டையாக வெட்டிய திருகு கிளிப்பை விட, முழு வட்டமாக இறுகும் ஃபியூல் கிளிப் நல்லது, முன்னது சின்ன ஹோஸைச் சமமாக இறுக்காமல் ரப்பரை அறுக்கும்.

டயஃப்ரம் ஃபீட் பம்ப் உள்ள வண்டியில் மறக்காமல் இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால், துடைத்த துணியில் டீசல் வாடை அடித்தால், டயஃப்ரம் கிழிந்து டீசல் ஆயில் சம்ப்பில் இறங்குகிறது. அந்த வண்டியை ஓட்டவே கூடாது. ஆயில் நீர்த்துப்போய் பேரிங் போகும், மட்டம் ரொம்ப ஏறினால் இன்ஜின் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு சாவியை எடுத்தாலும் நிற்காமல் பறக்க ஆரம்பிக்கும். பம்பை மாற்றி, ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் செல்ப்.

ஏர் எடுப்பது

எதைக் கழற்றி மாட்டினாலும் கடைசியில் இந்த வேலை இருக்கிறது. ஃபில்டரில் ஆரம்பித்து நாசிலில் முடிக்க வேண்டும், வரிசை மாறக் கூடாது. ஆரம்பிக்கும் முன் ஒரு பிரஷ்ஷும் கொஞ்சம் டீசலும் கொண்டு எல்லா இணைப்புகளையும் வெளியே கழுவித் துடையுங்கள். பம்புக்குள் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்கள்தான், ஃபில்டரைத் தாண்டிய இடத்தில் விழுகிற ஒரு மணல் துகள் அங்கே கோடு கிழித்துவிடும். இதே காரணத்துக்காகத்தான் புது ஃபில்டரில் கேனிலிருந்து டீசல் ஊற்றி மாட்டும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. ஊற்றுகிற டீசல் நடுத்துளை வழியாகப் போனால் அது வடிகட்டாமல் நேரே பம்புக்குப் போகிற டீசல். கையால் பிரைமர் அடித்து நிரப்பினால் நேரமாகும், ஆனால் வடிகட்டிய டீசல்தான் போகும்.

ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்குரூவை ஒரு சுற்று தளர்த்தி, பிரைமரை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் காற்று சீறும், பிறகு நுரை, பிறகு குமிழி கலந்த டீசல், கடைசியில் கண்ணாடி மாதிரித் தெளிவான டீசல். தெளிந்ததும் பிரைமரை அழுத்திப் பிடித்தபடியே ஸ்குரூவை இறுக்க வேண்டும், விட்டுவிட்டு இறுக்கினால் காற்றை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐம்பது தடவை அழுத்தியும் டீசல் வரவில்லை, பிரைமர் கெட்டியாகவே ஆகவில்லை என்றால், பிரைமரே போயிருக்கிறது அல்லது டேங்க் பக்கம் காற்று வாங்குகிறது. அடுத்து எஃப்.ஐ.பி.யில் ஏர் ஸ்குரூ இருந்தால் அங்கே இதே வேலை.

ரோட்டரி பம்பில் ஒரு சூட்சுமம். டீசல் உள்ளே வரும் பேஞ்சோ போல்ட்டும் (நடுவே டீசல் போக வழியுள்ள போல்ட்) ரிட்டர்ன் போகும் பேஞ்சோ போல்ட்டும் வெளியே பார்க்க அச்சு அசல் ஒன்று போலவே இருக்கும். ரிட்டர்ன் போல்ட்டுக்குள் மட்டும் ஒரு நுண்ணிய துளை, பம்புக்குள் அழுத்தம் நிற்பதற்காக. இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு மாற்றி மாட்டினால் பம்புக்குப் போகும் வழி ஊசித்துளையாகச் சுருங்கிவிடும், வண்டி ஐடிலிங்கில் ஏதோ ஓடும், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சாகும். போல்ட் தலையில் 'அவுட்' என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் துளையைப் பாருங்கள். அவற்றின் செம்பு வாஷர்களைப் பழசையே போடாமல் புதிதாகப் போடுங்கள்.

இப்போது நாசில் பக்கம். கனத்த குழாய்களின் நட்டுகளை நாசில் முனையில் அரைச் சுற்று, ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள், கழற்றிவிட வேண்டாம். ஒருவர் செல்ப் அடிக்கட்டும், 10 விநாடி அடித்து அரை நிமிஷமாவது விட்டு மறுபடி, இல்லாவிட்டால் செல்ப் மோட்டார் வெந்துவிடும். நட்டோரம் டீசல் துள்ளித் துள்ளி வரத் தொடங்கினால் அதை இறுக்கி அடுத்ததற்குப் போங்கள். பெரும்பாலும் இரண்டு நட்டு இறுக்குவதற்குள்ளேயே இன்ஜின் கொட கொட என்று பிடித்துக்கொள்ளும், மீதியைச் செல்ப் அடிக்காமலே இறுக்கிவிடலாம்.

இந்த இடத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கண்ணாடி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கசிகிற இடத்தை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். நூலிழை போல் வரும் டீசலுக்குத் தோலைத் துளைத்து உள்ளே போகும் வேகம் உண்டு. வெளியே எறும்பு கடித்த அளவுதான் காயம் தெரியும், வலிகூட அதிகம் இருக்காது, உள்ளே சதை அழுக ஆரம்பித்திருக்கும். அப்படி நடந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் அழுத்தத்தில் உள்ளே போய்விட்டது என்று சொல்லியே காட்ட வேண்டும். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும், நீட்டினால் நனையும். அதேபோல, ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஏர் இன்டேக்கில் ஈதர் ஸ்பிரே அடிப்பது, ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் வேண்டவே வேண்டாம். சூடான பிளக்கில் பட்டு இன்டேக்கிலேயே வெடித்த கதைகள் நிறைய.

நாசிலும் பம்பும்

வண்டி ஓடுகிறது, ஆனால் ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை, கடகடவென்று சுத்தியல் சத்தம் என்றால் நாசிலைப் பார்க்கலாம். ஐடிலிங்கில் ஓடவிட்டு ஒவ்வொரு நாசிலின் நட்டையும் துணியால் மூடி ஸ்பேனரால் சற்றே தளர்த்துங்கள். நல்ல சிலிண்டர் என்றால் இன்ஜின் தடுமாறும். தளர்த்தியும் எந்த மாற்றமும் இல்லை என்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. சத்தம் மட்டும் நின்று போனால் அந்த நாசில்தான் டீசலைத் தூவாமல் ஒழுகவிடுகிறது.

நாசிலைக் கழற்றிக் கடையில் டெஸ்டரில் போட்டுப் பார்ப்பார்கள். எந்த அழுத்தத்தில் திறக்கிறது, தூவல் சீராக இருக்கிறதா, மூடியபின் நுனியில் சொட்டுகிறதா என்ற மூன்றும் அதில் தெரிந்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியது கழற்றுவதும் மாட்டுவதும். மாட்டும்போது நாசில் உட்காரும் குழிக்குள் பழைய வாஷர் தங்கிவிடாமல் எடுத்துவிட்டுப் புது வாஷர் போடுங்கள், இரண்டு வாஷர் அடுக்கினால் நாசில் உயர்ந்து நிற்கும், புகை போகாது. எஃப்.ஐ.பி. பக்கம் குழாய் நட்டைத் திருப்பும்போது அடியில் இருக்கும் டெலிவரி வால்வ் ஹோல்டரை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள், அதுவும் சேர்ந்து சுற்றினால் அங்கே புதுக் கசிவு. குழாய்களை வளைத்து நெளித்து மாட்டவும் கூடாது. எல்லாம் ஒரே நீளத்தில் செய்யப்பட்டவை, ஒவ்வொன்றும் தன் இடத்தில் தானாக உட்கார வேண்டும்.

இத்தனையும் பார்த்து, கேனில் சுத்தமான டீசல் கொடுத்து, சோலினாய்டு 'டிக்' அடித்து, ஏர் முழுக்க எடுத்தும் நாசிலுக்கு டீசல் வரவில்லை என்றால், அப்போது பம்பைச் சந்தேகப்படலாம். சூடானபின் நிறுத்தினால் மறுபடி பிடிக்காமல், ஆறினால் பிடிக்கிற வண்டியும் இந்த வகைதான், தேய்ந்த பம்பில் சூட்டில் நீர்த்த டீசல் இடைவெளி வழியே நழுவிவிடுகிறது. பம்பைப் பிரிப்பது வீட்டு வேலை இல்லை, அதற்கு டெஸ்ட் பெஞ்ச் வேண்டும். கழற்றும் முன் பம்ப் ஃபிளாஞ்சுக்கும் இன்ஜினுக்கும் குறுக்கே கூர்மையான ஊசியால் ஒரு கோடு கிழித்து, டைமிங் குறிகளை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பம்பின் வாய்களையெல்லாம் மூடி போட்டு அடைத்துக் கொண்டுபோங்கள். பெல்ட்டோ கியரோ எதில் சுற்றினாலும், திரும்ப மாட்டும்போது டைமிங்கை முறைப்படி வைக்க மேனுவலும் டயல் கேஜும் தேவை, கண்மதிப்பில் வைத்தால் ஸ்டார்ட் ஆகும், இழுவை இருக்காது, அல்லது தட்டும். ஈயச் சீல் வைத்த ஸ்குரூக்களை "கொஞ்சம் ஏற்றிப் பார்ப்போமே" என்று திருப்பாதீர்கள், அது அதிகபட்ச டீசல் அளவும் அதிகபட்ச வேகமும் நிர்ணயிக்கிற இடம்.

வேலை முடிந்ததும் பத்து நிமிஷம் ஓட விட்டு, நிறுத்தி, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு மறுநாள் காலையில் முதலில் அதைத்தான் பாருங்கள். டேங்க் கழுவியிருந்தால் மீதி இருந்த கசடு கிளம்பி வந்து புது ஃபில்டரில் சேரும், அதனால் இன்னொரு ஃபில்டரை வண்டியிலேயே வைத்திருந்து சில வாரங்களில் மாற்றிவிடுங்கள், செப்பரேட்டரின் அடிக் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். வண்டியை நீண்ட நாள் நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள்.